தமனிச் சுவரில் உயிரணு வளர்ச்சி: தூண்டலும் தடையும்

இதயத் தமனியின் அடைப்பைச் சிறு பலூன் கொண்டு விரிக்கும் சிகிச்சையை ஆந்திரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் 1977-ஆம் ஆண்டு சூரிச் நகரில் முதன்முதலாகச் செய்தார். மார்பைத் திறக்காமலே இரத்த ஓட்டத்தைச் சீராக்க முடிந்தது. ஆயினும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளிடம், விரித்த தமனி சில மாதங்களுக்குள் மீண்டும் குறுகியது. தமனி தானே சுருங்கிக்கொள்வது இதற்கு ஒரு காரணம். அதன் சுவரிலுள்ள மென்தசை உயிரணுக்கள் பெருகி உட்புறத்தை அடைத்துக்கொள்வது மற்றொரு காரணம். இப்பெருக்கம் எவ்வாறு தொடங்குகிறது, எவ்வாறு தடுக்கப்படுகிறது என்பதை ஈண்டு காண்போம்.

மாறும் இயல்பு

தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளே மெல்லிய உட்படலமும், நடுவே மென்தசை அடுக்கும், வெளியே இணைப்புத் திசுவும் உள்ளன. இயல்பான நிலையில் மென்தசை உயிரணுக்கள் சுருங்கியும் தளர்ந்தும் இரத்த அழுத்தத்தை ஒழுங்குபடுத்துகின்றன. அப்போது அவை அரிதாகவே பிளவுறும். ஆனால், முதிர்ந்த இதயத்தசை உயிரணுக்களைப் போலன்றி, இவை தம் இயல்பை மாற்றிக்கொள்ள வல்லவை. காயம் நேர்ந்தால் சுருங்கும் தொழிலைக் குறைத்துக்கொண்டு, பிளவுற்று, இடம்பெயர்ந்து, நார்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. இது நோயன்று, காயத்தை ஆற்றும் முயற்சியே. அளவு கடக்கும்போதுதான் தீங்காகிறது.

சைகை செல்லும் வழி

உட்படலம் சிதைந்த இடத்தில் இரத்தத் தட்டணுக்கள் வந்து ஒட்டுகின்றன. அவை வெளிவிடும் ஒரு பொருள் மென்தசை உயிரணுக்களை வளரத் தூண்டுகிறது என்பதை சியாட்டில் நகரில் ரசல் ராஸ் குழுவினர் 1974-இல் நிறுவினர். இதுவே தட்டணு வளர்ச்சிக் காரணி எனப்படுகிறது.

இக்காரணி உயிரணுவிற்குள் நுழைவதில்லை. மேற்பரப்பிலுள்ள இரண்டு ஏற்பிகளை அது இணைக்கிறது. இணைந்த ஏற்பிகள் ஒன்றன்மீது மற்றொன்று பாஸ்பேட்டைப் பதிக்கின்றன. அங்கிருந்து சைகை இரு முக்கிய வழிகளில் பிரிகிறது. முதல் வழியில் ராஸ், ராஃப், மெக், எர்க் என்னும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிச் சைகையை உட்கருவிற்குக் கொண்டு செல்கின்றன. பிளவுக்குரிய மரபணுக்கள் செயற்படத் தொடங்குகின்றன. இரண்டாவது வழி ஏ.கே.டி., எம்டார் என்னும் புரதங்கள் வாயிலாகச் செல்கிறது. இது புதிய புரதங்களை உண்டாக்கி, உயிரணு பிளவுறுவதற்கு வேண்டிய வளர்ச்சியை அளிக்கிறது. இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருளும் இவ்வளர்ச்சிக்குத் துணைபோகிறது.

தூண்டலுக்கு எதிராகத் தடையும் உண்டு. நலமான உட்படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு, மென்தசையைத் தளர்த்துவதோடு அதன் பெருக்கத்தையும் அடக்குகிறது. உட்படலம் சிதையும்போது தூண்டல் எழுகிறது. அதே வேளையில் தடையும் நீங்கிவிடுகிறது. மிகை வளர்ச்சிக்கு இதுவே வழிவகுக்கிறது.

மண்ணிலிருந்து வந்த மருந்து

தமனியைத் தாங்கி நிற்கும் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழல் 1986-இல் மனித இதயத் தமனியில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. தமனி சுருங்குவது தடைப்பட்டது. ஆனால் வலைக்கண்களின் வழியே உயிரணுக்கள் வளர்ந்தன.

இதற்குத் தீர்வு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1964-இல் கனடா நாட்டு ஆய்வுக்குழு ஈஸ்டர் தீவில் சேகரித்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, இந்தியாவில் பயின்ற சுரேந்திரநாத் சேகலும் அவருடைய குழுவினரும் மாண்ட்ரியல் நகரில் ராபமைசினைப் பிரித்தெடுத்தனர். பூஞ்சைக்கொல்லியாகக் கருதப்பட்ட இது, எம்டார் புரதத்தைத் தடுத்து உயிரணுப் பிளவை நிறுத்துவது பின்னர் தெரியவந்தது. இம்மருந்து பூசிய ஸ்டென்ட் 1999-இல் பிரேசிலின் சாவோ பாலோ நகரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. மீண்டும் அடைபடுவோர் தொகை பத்தில் ஒரு பங்கிற்கும் கீழாகக் குறைந்தது.

நமக்குரிய பாடம்

இந்தியாவில் இவ்வகை ஸ்டென்டுகள் பலவற்றின் விலை ஓர் இலட்சம் ரூபாயைக் கடந்திருந்தது. 2016-இல் ஸ்டென்டுகள் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், வரி நீங்கலாக, மருந்துப் பூச்சு ஸ்டென்டிற்கு 29,600 ரூபாயும் வெறும் உலோக ஸ்டென்டிற்கு 7,260 ரூபாயும் உச்ச விலையாக நிர்ணயித்தது. அதன்பின் இவ்விலைகள் அவ்வப்போது திருத்தப்பட்டன.

எனினும் விலைக் குறைப்போடு கடமை முடிவதில்லை. மென்தசைப் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து, உட்படலம் மீண்டும் வளர்வதையும் தாமதப்படுத்துகிறது. மூடப்படாத உலோகத்தின்மீது இரத்தம் உறையக்கூடும். எனவேதான் நோயாளிகள் ஆஸ்பிரினையும் வேறொரு தட்டணுத் தடை மருந்தையும் பல மாதங்கள் இடைவிடாது உட்கொள்ள வேண்டியுள்ளது. மருத்துவரின் ஆலோசனையின்றி இவற்றை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே பெருநகர மருத்துவமனையில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு ஊர் திரும்பும் நோயாளிக்கு, அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் இம்மாத்திரைகள் தடையின்றிக் கிடைப்பதும், அவற்றின் இன்றியமையாமை அவருக்கு விளக்கப்படுவதும் சிகிச்சையின் பகுதியே ஆகும்.

உயிரணு வளர்ச்சி நமக்குப் பகையன்று. தமனியில் படியும் கொழுப்புத் திட்டு உடையாமல் காக்கும் உறையை அமைப்பதும் இதே மென்தசை உயிரணுக்கள்தாம். அவ்வளர்ச்சியை அளவோடு நிறுத்துவதே மருத்துவத்தின் பணி. உயர் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் புகையிலையை விலக்குவதும் உட்படலத்தைக் காத்து, இத்தூண்டல் மிகாமல் தடுக்கும் எளிய வழிகளாகும்.