ஆப்பிரிக்க நத்தையை ஓட்டைப் பார்த்து அறியலாம்

மழை பெய்த மறுநாள் காலையில் பப்பாளிக் கன்றின் பட்டை சுரண்டப்பட்டும், கத்தரி நாற்று அடியோடு தின்னப்பட்டும் இருந்தால், பக்கத்தில் பெரிய ஓட்டு நத்தை உள்ளதா என்று தேட வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த நத்தை 1847ல் மொரீஷியஸ் தீவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டு வரப்பட்டது. இன்று தமிழ்நாட்டிலும் பல இடங்களில் தொல்லை தருகிறது.

எல்லா நத்தைகளும் பயிரை அழிப்பவை அல்ல. எனவே, ஓட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. வயலில் கிடைக்கும் நீர்நத்தையின் ஓடு உருண்டையாக இருக்கும். வாயை அடைக்கக் கெட்டியான மூடியும் உண்டு. ஆப்பிரிக்க நத்தைக்கு அத்தகைய மூடி கிடையாது. ஓடு கூம்பு போல நீண்டு, நுனி கூராக இருக்கும். வளர்ந்த நத்தையின் ஓட்டில் 7 முதல் 9 சுற்றுகள் இருக்கும். கடைசிச் சுற்றுதான் மிகப் பெரிது. நீளம் சாதாரணமாக 5 முதல் 10 சென்டிமீட்டர். அரிதாக 20 சென்டிமீட்டர் வரையும் வளரும். பழுப்பு நிறத்தின் மேல் கருஞ்சிவப்புப் பட்டைகள் தீக்கொழுந்து போல ஓடும். கூர்நுனி மேலேயும் வாய் நம்மைப் பார்த்தும் இருக்கும்படி பிடித்தால், வாய் வலப்புறம் அமையும். வாய்க்குள் தெரியும் நடுத்தண்டு வெண்மையாக, அடியில் வெட்டிவிட்டாற்போல் முடியும். இதுவே நம்பகமான அடையாளம்.

இவ்வளவு பெரிய ஓட்டைக் கட்டச் சுண்ணாம்புச் சத்து ஏராளமாக வேண்டும். வெள்ளையடித்த சுவரை இவை சுரண்டித் தின்பது அதனால்தான்!

வெயில் காலத்தில் வாயை வெண்மையான காகிதம் போன்ற ஏட்டால் அடைத்துக்கொண்டு, கல்லடியிலும் மண்ணுக்குள்ளும் பல மாதம் உறங்கும். செத்துவிட்டது என்று எண்ணி விட்டுவிடக்கூடாது. முதல் மழையில் நத்தை வெளியே வந்துவிடும். ஒரு முறைக்கு நூறு, இருநூறு என்று முட்டையிடும். முட்டை வெளிர்மஞ்சளாக, பச்சைப்பயறு அளவில் மண்ணுக்குள் குவியலாக இருக்கும். தென்பட்டால் நசுக்க வேண்டும்.

மாலையில் ஈரச் சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலை, முட்டைக்கோசு இலைகளைப் போட்டு வைத்தால் இரவில் வந்து கூடும். விடியற்காலையில் பொறுக்கி, வாளியில் கரைத்த உப்புநீரில் போட்டுக் கொன்று புதைக்கலாம். உப்பை வயலில் தூவுவது வேண்டாம், மண் கெடும். வெறும் கையால் தொடவும் கூடாது. இதன் உடலிலுள்ள ஒருவகைப் புழு மனிதருக்கு மூளைச்சவ்வுக் காய்ச்சலை உண்டாக்கக்கூடும். கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு எடுக்கலாம். நத்தை ஊர்ந்த கீரை, காய்களை நன்கு கழுவிச் சமைக்க வேண்டும்.

காலி ஓடுகளைத் தோட்டத்தில் எறிந்தால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். நொறுக்கிக் குப்பைக் குழியில் சேர்த்துவிடலாம்.