படுக்கைக்கும் வாசலுக்கும் நடுவே ஓர் உடை

பிரிட்டனில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே, ஆஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்துவிடுவார்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், பிரஷ், மூக்குக்கண்ணாடி, காது மெஷின், வழுக்காத செருப்பு. அந்த வரிசையில் பெரும்பாலும் டிரெஸ்ஸிங் கவுனும் இருக்கும். லண்டனுக்கு மேற்கே, தமிழர்கள் நிறைய வசிக்கும் பகுதியில் வார்டு நர்ஸாக இருக்கிறேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஆட்கள் கேட்கும் கேள்வி எனக்கு மனப்பாடம். “அம்மாவுக்கு நைற்றி காணாதோ அக்கா?” என்று யாழ்ப்பாணத்துப் பெண் கேட்பாள். “இதுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கணுமா சிஸ்டர்?” என்பார் மதுரைக்காரர்.

வாங்க வேண்டும் என்றுதான் சொல்வேன். எது என்று புரியாமல் விழிப்பவர்களுக்குப் பழைய தமிழ்ப்படங்களை நினைவுபடுத்துவேன். ரங்காராவ் காலத்துப் பணக்கார அப்பாக்கள் வாயில் பைப்போடு பங்களா மாடிப்படி இறங்கி வரும்போது போட்டிருப்பார்களே, அந்தப் பளபள அங்கிதான். முன்பக்கம் முழுக்கத் திறப்பு, பட்டன் கிடையாது. ஒரு பக்கத்தை இன்னொன்றின் மேல் மடித்து, அதே துணியில் தைத்த பட்டையை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியது. நீளக் கை, அகலமான காலர், இரண்டு பெரிய பாக்கெட். கோடம்பாக்கத்து ஸ்டூடியோ விளக்குகளின் சூட்டில் அதைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக வசனம் பேசியவர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

இந்த ஊரில் அது ஆடம்பரமில்லை, வீட்டமைப்பினால் வந்த தேவை. 1960களில்கூட பெரும்பாலான பிரிட்டிஷ் வீடுகளில் எல்லா அறைகளையும் ஒருசேரச் சூடாக்கும் வசதி இல்லை. கூடத்தில் மட்டும் நிலக்கரி அடுப்பு எரியும். படுக்கையறையில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்திருக்கும். கழிவறை பல வீடுகளில் கொல்லைப்புறத்தில். விடியற்காலையில் போர்வையை உதறிவிட்டு எழுந்து, குளிர்ந்த நடையைக் கடந்து, அடுப்பு பற்றும்வரை தாக்குப்பிடிக்க ஓர் உடுப்பு வேண்டும். போர்வையைப் போர்த்திக்கொண்டு அடுப்பு மூட்ட முடியாது. கோட்டுப் போட்டுக்கொண்டு பல் தேய்க்கவும் முடியாது. கை இரண்டும் வெளியே இருக்கிற போர்வை என்று சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. இப்போது எங்கும் பாய்லர் வந்துவிட்டது. ஆனால் 2022 அக்டோபரில், சராசரிக் குடும்பத்தின் எரிசக்திச் செலவு ஆண்டுக்கு 2,500 பவுண்டு அளவில் நிற்கும்படி அரசாங்கமே விலைக்கு உச்சவரம்பு போட வேண்டிவந்தது. அந்தக் குளிர்காலத்தில் பாய்லரை அணைத்துவிட்டு, பரணில் கிடந்த கவுன்களை இறக்கிக்கொண்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன.

வார்டில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆஸ்பத்திரியில் நாங்கள் கொடுக்கும் அங்கி முதுகுப்பக்கம் நாடா கட்டுவது. மருத்துவருக்கும் எங்களுக்கும் வசதி, போட்டிருப்பவருக்குச் சங்கடம். எழுந்து நாலு அடி வைத்தால் பின்னால் காற்று வாங்கும். அனுபவப்பட்ட நோயாளிகள் இரண்டு அங்கி கேட்டு வாங்கி, ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாகப் போட்டுக்கொள்வார்கள். சொந்தக் கவுன் கொண்டுவந்தவருக்கு அந்தப் பாடு இல்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் கவுனை மாட்டி, பட்டையை முடிந்து, டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நடப்பவர்களின் முதுகே வேறு மாதிரி நிமிர்ந்திருக்கும். நாகப்பட்டினத்தில் காலிங் பெல் அடித்தால் என் அம்மா நைட்டிமேல் ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறப்பார். அந்தத் துண்டு செய்கிற காரியத்தையே இங்கே கவுன் செய்கிறது.

நாகப்பட்டினத்தைச் சும்மா இழுக்கவில்லை. இந்த உடையின் பிறப்பில் எங்கள் கடற்கரைக்குப் பங்கு உண்டு.

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஜப்பானோடு வியாபாரம் செய்ய அனுமதி பெற்றிருந்த ஐரோப்பியர்கள் டச்சுக்காரர்கள் மட்டுமே. அவர்களின் தூதுக்குழு எடோ நகரத்துக்குப் போய் ஆட்சியாளரான ஷோகனை வணங்கிவிட்டுத் திரும்பும்போது பஞ்சு வைத்துத் தைத்த பட்டு அங்கிகள் பரிசாகக் கிடைக்கும். ஹாலந்தில் அதற்கு ஏகப்பட்ட மவுசு. ஆனால் பரிசாக வருவது எத்தனை பேருக்குப் போதும்? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அதே வெட்டில், பரிசாக வராமல் விலைக்குக் கிடைக்கும் துணியில் அங்கி செய்துகொள்ள முனைந்தார்கள். அந்தத் துணிகளில் ஒன்றுதான் மசூலிப்பட்டினம் தொடங்கி பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் வழியாக நாகப்பட்டினம் வரை அவர்களின் கிடங்குகளில் குவிந்த சோழமண்டலக் கரையின் சித்திரப் பருத்தி. 1690 முதல் 1781இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை நாகப்பட்டினம்தான் இந்தக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம்.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சோழமண்டலத் துணியில் தைத்த ஆண்களின் அங்கி இருக்கிறது. இந்த ரகத் துணியை அருங்காட்சியகத்தில் பார்க்கிறவர்கள் கண்ணாடிக்கு முன்னால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெள்ளைத் தரையில் வளைந்து வளைந்து ஓடும் கொடி, சிவப்புப் பூக்கள், இலைகள். அந்த இலைகள் பலவும் நீலமாக இருக்கும். வரைந்தவர் நீலத்தில் வரைந்ததில்லை. பச்சைக்கென்று தனிச் சாயம் கிடையாது; அவுரியில் நீலம் ஏற்றி, அதன்மேல் மஞ்சளைத் தீட்டினால்தான் பச்சை. இருநூறு முந்நூறு வருஷத்தில் அந்த மஞ்சள் வெளுத்துப்போய்விட்டது. சிவப்புக்கும் கறுப்புக்கும் நீலத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வெளுக்காததுதான் அந்தத் துணியின் பெருமையே. முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்து துணியை நனைத்துக் காய வைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயம் பிடிக்க. பாலின் கொழுப்பு, எழுதும் கோடு கசியாமல் இருக்க. துளையிட்ட காகிதத்தின் வழியே கரித்தூளைத் தட்டி வடிவத்தைத் துணியில் இறக்குவார்கள். இரும்பைப் புளிக்கவைத்த கரைசலை மூங்கில் எழுதுகோலால் தொட்டு எழுதினால், கடுக்காயோடு சேர்ந்து கறுப்பு. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசல். பிறகு சாயவேரைப் போட்டுக் கொதிக்கும் அண்டாவில் துணியை இறக்கினால், படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டியதைச் சாணநீரிலும் வெயிலிலும் போட்டுப் போட்டு வெளுத்தெடுப்பார்கள். நீலம் தேவையில்லாத பரப்பு முழுவதையும் மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் முக்குவது அடுத்த கட்டம். கடைசியில்தான் அந்த நிலையில்லாத மஞ்சள். அன்றைய ஐரோப்பாவுக்குத் துவைத்தாலும் போகாத சாயத்தைப் பருத்தியில் இப்படி ஏற்றத் தெரியாது. உள்ளூர் நெசவுக்காரர்கள் கொதித்துப்போய், பிரான்ஸில் 1686 முதல் 1759 வரை இந்தத் துணிக்குத் தடை போட வைத்தார்கள். இங்கிலாந்திலும் 1721இல் சட்டமே வந்தது. தடையால் ஆசை கூடியதே தவிரக் குறையவில்லை.

லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலைபார்த்த சாமுவேல் பீப்ஸ் என்பவரின் நாட்குறிப்பு பிரசித்தம். 1661 ஜூலை 1ஆம் தேதி அவர் தன் அறைக்கு ஒரு நல்ல இழுப்பறைப் பெட்டியும் தனக்கு ஓர் ‘இந்திய கவுனும்’ வாங்கினார். பெட்டி 33 ஷில்லிங், கவுன் 34 ஷில்லிங். மரச்சாமானைவிட ஒரு ஷில்லிங் கூடுதல்! ஐந்து வருஷம் கழித்து, 1666இல், தன் உருவத்தை வரைந்துகொள்ள ஓர் இந்திய கவுனை வாடகைக்கு எடுத்தார். அந்த ஓவியம் லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. கல்யாண ரிசப்ஷனுக்கு ஷெர்வானி வாடகைக்கு எடுப்பவர்களுக்கு அவர் மனசு நன்றாகவே புரியும்.

கவனித்தீர்களா, உருவப்படம் வரையும்போது போட்டுக்கொள்ளும் கௌரவம் அன்று அந்த உடைக்கு இருந்தது. வீட்டில் அதோடு வந்தவர்களை வரவேற்கலாம், கணக்குப் பார்க்கலாம், கடிதம் எழுதலாம். நான் அடித்துச் சொல்வேன்: அது சோம்பேறிகளின் உடையாகத் தொடங்கவில்லை, வீட்டிலிருந்தே வேலை செய்தவர்களின் உடையாகத்தான் வளர்ந்தது. டச்சு ஓவியர் வெர்மீர் 1668, 1669 வாக்கில் வரைந்த வானியலாளரும் புவியியலாளரும் இந்த ஜப்பானிய அங்கியில்தான் கோளத்தின்மீதும் வரைபடத்தின்மீதும் குனிந்திருக்கிறார்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக், துறவிகள் உடுத்துவது போன்ற வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு, காப்பியாகக் குடித்துத் தள்ளி, இரவெல்லாம் எழுதினார். சிற்பி ரோதான் அவரை அந்த அங்கியிலேயே சிலையாக வடித்தார். 1898இல் சிலையைப் பார்த்த எழுத்தாளர் சங்கம், கேட்டு வாங்கிய சிலையை வேண்டாம் என்று தள்ளிவிட்டது. சிற்பி இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 1939இல்தான் அது வெண்கலத்தில் பாரிஸ் தெருவில் ஏறி நின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் தத்துவவாதி தீதரோவின் கதை வேறு விதம். யாரோ புத்தம்புதுச் சிவப்புக் கவுன் ஒன்றைப் பரிசாகக் கொடுக்க, பழையதைக் கழித்துவிட்டார். புதியதன் பக்கத்தில் நாற்காலி அசிங்கமாகத் தெரிந்தது. அதை மாற்றினால் மேஜை, மேஜையை மாற்றினால் சுவரில் மாட்டிய படங்கள். மை தொட்ட பேனாவைத் துடைக்கவும் புத்தகத்துத் தூசியைத் தட்டவும் உதவிய பழைய கவுனை நினைத்து 1769இல் அவர் ஒரு கட்டுரையே எழுதினார். ஒன்றை வாங்கப்போய் வீட்டையே மாற்றும் இந்த நோய்க்கு, மானிடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1980களில் தீதரோவின் பெயரையே வைத்துவிட்டார். புது டிவி வாங்கிய கையோடு சோஃபா பார்க்கப்போன எல்லோருக்கும் இது தெரிந்த வியாதிதான்.

இனி வாங்குவதைப் பற்றி. கடைகளில் மலிவாகக் குவிந்திருப்பது ஃப்ளீஸ் எனும் பாலியெஸ்டர். தொட்டால் பஞ்சு மாதிரி, விலையும் சுலபம். ஆனால் தண்ணீரை உறிஞ்சாது, வியர்த்தால் பிசுபிசுக்கும். டவல் துணி குளித்துவிட்டு வந்ததும் போட ஏற்றது. அதன் நூல் வளையங்கள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கனமும் அதனால்தான், காயவும் நாளாகும். வெறுமே குளிருக்கு என்றால் கம்பளி. பராமரிப்பு அதிகம், விலையும் கூட. என்னிடம் இருப்பது கம்பளி. மெஷினில் போடாமல் கையால் அலசி, தட்டையாகப் பரப்பிக் காயவைக்கிறேன். பட்டுக் கவுன் ரங்காராவுக்கே இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் காலருக்குள் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். பிரிட்டனில் 1985ஆம் ஆண்டு விதிமுறைப்படி குழந்தைகளின் நைட் டிரெஸ்களும் டிரெஸ்ஸிங் கவுன்களும் தீப்பற்றும் சோதனையில் தேற வேண்டும். டவல் துணியில் தைத்ததற்கும் பெரியவர்களின் உடுப்புக்கும் சோதனை கட்டாயமில்லை, லேபிள் கட்டாயம். ‘நெருப்புக்குக் கிட்டே போகாதே’ என்று சிவப்பெழுத்தில் இருந்தால், அது அலங்காரத்துக்குத் தைத்ததில்லை. நம் சமையலில் கை அடுப்புக்கு மேலேயே இருக்கும். தொளதொளக் கையோடு எட்டிப் பின்பக்கத்து அடுப்பில் தாளிக்கப் போகாதீர்கள். கவுனைக் கழற்றி மாட்டிவிட்டுப் போங்கள்.

பீப்ஸ் காலத்து மரியாதை இப்போது அந்த உடைக்கு இல்லை. 2010 ஜனவரியில் கார்டிஃப் நகரத்தில் ஒரு டெஸ்கோ கடை, இரவு உடையோடு சாமான் வாங்க வராதீர்கள் என்று போர்டு வைத்தது. 2016இல் டார்லிங்டனில் ஒரு பள்ளித் தலைமையாசிரியை, பிள்ளையை விடவரும் பெற்றோர் பைஜாமாவோடு வர வேண்டாம் என்று கடிதம் அனுப்பினார். நம் பக்கம் சளைத்ததா? 2018இல் ஆந்திராவின் தோகலப்பள்ளி கிராமத்தில், பகலில் நைட்டி போட்டு வெளியே வரும் பெண்ணுக்கு 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் என்று ஊர்ப் பெரியவர்கள் விதித்தார்கள். டெஸ்கோவின் போர்டு கடைக்குள் வரும் எல்லோருக்கும் பொது. ஊர்ப் பெரியவர்களின் கண் பெண்களின் நைட்டியில் மட்டும்தான் பட்டது. லுங்கியோடு டீக்கடைக்கு வருகிறவர்களுக்கு அபராதம் விதித்ததாகக் கேள்விப்படவில்லை.

ஆனால் நர்ஸாக எனக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. வயதானவர்கள் நாள் முழுக்க இரவு உடையிலேயே படுத்திருந்தால் தசை கரைந்து, நடையே போய்விடும். அதனால்தான் 2018இல் பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைப் பைஜாமாவிலிருந்து எழுப்பிச் சொந்த உடுப்புக்கு மாற்ற 70 நாள் இயக்கமே நடத்தின. கவுனை மாட்டி நடக்கத் தொடங்கியவரிடம், இரண்டு நாள் கழித்து “நாளைக்குச் சட்டை பேன்ட் போட்டு உட்காருங்க ஐயா” என்று நானே நச்சரிப்பேன். திட்டும் வாங்குவேன்.

அளவு விஷயத்திலும் கறாராக இருப்பேன். கணுக்கால்வரை தொங்கும் கவுன் பார்க்க ராஜா மாதிரி இருக்கும். படியேறும்போது காலில் சிக்கும். கெண்டைக்காலின் நடுவரை போதும். பட்டை இரண்டு பக்கமும் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தால் கத்தரித்து மடித்துத் தைக்க வேண்டும். பட்டை கழன்று விழாமல் இருக்க முதுகு நடுவில் நாலு தையல் போட்டு நிறுத்திவிடுவது நல்லது. இதையெல்லாம் போன மாதம் ஒரு பெரியவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். வேட்டிக்கு மேலே மகன் வாங்கிக்கொடுத்த புதுக் கவுன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஊருக்குத் திரும்பினா இதை எங்கம்மா போடுறது?” என்றார்.

“கொடைக்கானல்ல வீடு வாங்கச் சொல்லுங்க பையனை” என்றேன். அதற்கு மருந்து பில்லே பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்.