ஊரே களமாகும் நாள்

முதலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல். கரையேறியதும் 90 கிலோமீட்டர் சைக்கிள். அதை விட்டு இறங்கியதும் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 113 கிலோமீட்டர். இதுதான் ‘அயர்ன்மேன் 70.3’ எனப்படும் நெடுந்தூர ட்ரையத்லான். மூன்று தூரங்களையும் மைலில் கூட்டினால் 70.3. புதுச்சேரியின் வடக்கு எல்லையில் இருக்கும் கனகசெட்டிக்குளத்தில் நீந்திக் கரையேறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சைக்கிளை மிதித்தால், 90 கிலோமீட்டர் முடியும்போது மாமல்லபுரத்தைத் தாண்டியிருப்போம். அதன் பிறகும் ஓட்டம் மீதியிருக்கும்.

இதைப் போல இரு மடங்கு தூரம் கொண்டது முழு அயர்ன்மேன். 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில் அது முதன்முதலாக நடந்தபோது 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். இப்படித் தொடங்கிய போட்டியின் 70.3 வடிவம் 2018-இல் கொழும்புக்கும், 2019 அக்டோபர் 20 அன்று கோவாவின் பணஜிக்கும் வந்தது. இந்தியா நடத்திய முதல் அயர்ன்மேன் 70.3 அது. அதுவரை இந்தப் பெயரில் போட்டியிட விரும்பிய இந்தியர்கள் சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு விமானம் ஏறவேண்டியிருந்தது. பணஜியின் மிராமர் கடற்கரையில் சுமார் ஆயிரம் பேர் களமிறங்கினார்கள். ஆண்களில் முதலாவதாக வந்த இந்திய ராணுவ வீரர் பிஷ்வார்ஜித் சைகோம், 4 மணி 42 நிமிடத்தில் முடித்தார்.

ஆனால் ஓர் ஊர் பரபரப்பது முதலிடத்துக்காக மட்டுமல்ல. இந்தப் போட்டிக்கு அரங்கம் கிடையாது. அன்றாடம் நாம் போகும் சாலையும் கால் நனைக்கும் கடலும்தான் களம். முதலில் வருபவர் ஓடும் அதே பாதையில்தான் அலுவலகம் போகும் நாற்பது வயதுக்காரரும் ஓடுகிறார். முடிக்க எட்டரை மணி நேரம் அவகாசம் உண்டு. நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனிக் கெடு உண்டு, தவறினால் நிறுத்திவிடுவார்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் தள்ளாடி வருபவர்களுக்குத்தான் தெருவோரக் கைதட்டல் மிகவும் தேவை. ஊர்க்காரர்கள் போட்டிக்குள் வருவது அந்த இடத்தில்தான்.

கைதட்டலோடு ஊரின் பொறுப்பு முடிவதில்லை. நீச்சல் பாதை நெடுக மிதவைகளும் படகுகளும் உயிர்காப்பாளர்களும் வேண்டும். சைக்கிள் பாதையில் ஒரு மாடு குறுக்கே வந்தாலும் விபத்துதான். சாலையைப் பல மணி நேரம் மூடியே ஆகவேண்டும். அங்கே குடியிருப்பவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் பல நாள் முன்பே சொல்லிவிட வேண்டும்; ஆம்புலன்ஸுக்குத் தனி வழி வேண்டும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமே வரலாம். அதனால் வழியெங்கும் தண்ணீரோடு உப்புச் சத்துள்ள பானமும் வைக்கிறார்கள்.

பயிற்சிக்கும் மாதக்கணக்கில் காலம் வேண்டும். நெடுநேரம் சைக்கிள் மிதித்து இறங்கியவுடன் ஓடினால் கால்கள் கல்லாகக் கனக்கும். அதற்குப் பழகவே சைக்கிளையும் ஓட்டத்தையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்கிறார்கள். நீச்சல்குளத்தில் தேறியவர்களும் அலையிலும் நீரோட்டத்திலும் தனியாகப் பழகவேண்டும். அதுவும் துணையோடு மட்டுமே.

நம் புதுச்சேரிக் கரைக்கும் இப்படி ஒரு போட்டி வரவேண்டும் என்பது என் ஆசை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி அதற்கு ஏற்ற காலம். கடலின் போக்கை மீனவர்களைவிட அறிந்தவர்கள் இல்லை. நீச்சல் பாதையைத் தீர்மானிக்கும்போதே அவர்களைக் கேட்கவேண்டும், காவல் படகுகளையும் அவர்களிடம் ஒப்படைக்கவேண்டும். பல ட்ரையத்லான்களில் மூவர் அணியும் உண்டு: ஒருவர் நீந்த, ஒருவர் சைக்கிள் மிதிக்க, ஒருவர் ஓடலாம். விலையுயர்ந்த சைக்கிள் வாங்க முடியாத குப்பத்து இளைஞரும் அந்த அணியில் முதல் ஆளாகக் கடலில் இறங்கலாம். அவருக்கு நுழைவுக் கட்டணத்தை விலக்கினால், போட்டி முதல் ஆண்டிலேயே இந்த ஊருக்குச் சொந்தமாகிவிடும்.