பச்சைச் சுடர் காட்டிக்கொடுத்த கனிமம்

ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப் பகுதியிலுள்ள டில்கரோடிலிருந்து வந்த கந்தக அமிலத் தொழிற்சாலைக் கழிவில், 1861ஆம் ஆண்டு டெலூரியத்தைத் தேடிக்கொண்டிருந்தார் ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ். செலினியம் கலந்த கழிவு அது. தீயில் காட்டி நிறமாலைமானியில் பார்த்தால், அதுவரை அறிந்த எந்தத் தனிமத்திலும் இல்லாத பளீர்ப் பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது. தாலியம் பிடிபட்டது அப்படித்தான்.

ஐந்தாண்டுகள் கழித்து, ஸ்வீடனின் ஸ்க்ரிகெரும் சுரங்கத்துக் கனிமம் ஒன்றை அடால்ஃப் எரிக் நூர்டன்ஷெல்ட் பகுப்பாய்வு செய்தார். பின்னாளில் வேகா கப்பலில் ஆசியாவின் வடகரையோரமாகப் பயணம் செய்து புகழ்பெற்றவர் இவர்தான். வெறும் செம்பு செலினைடு என்று எல்லோரும் நினைத்திருந்த அந்தக் கனிமத்தின் எடையில் சுமார் 17 சதவீதம் தாலியம்! குரூக்ஸின் பெயரையே அதற்குச் சூட்டினார்: குரூக்ஸைட்.

செம்பு, தாலியம், கொஞ்சம் வெள்ளி, செலினியம் ஆகியவை சேர்ந்த இது ஈயச் சாம்பல் நிறத்தில் உலோகம்போல் மின்னும். கடினத்தன்மை 2.5 முதல் 3 வரைதான். செப்புக் காசாலேயே கீறிவிடலாம். ஆனால் தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு அடர்த்தி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அசைந்துகொடுக்காது, நைட்ரிக் அமிலத்தில் முழுக்கக் கரைந்துவிடும். ஊதுகுழல் சுடரில் வைத்தால் சட்டென உருகிக் கரும்பச்சை எனாமல்போல் ஆகும். சுடரோ ஆழ்ந்த பச்சையாக எரியும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் செலினைடுகளுக்கு நடுவே இதைப் பிரித்துக் காட்டுவது இந்தப் பச்சைதான்.

குரூக்ஸைட் ஏன் இவ்வளவு அரிது? பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் செலினியம் சராசரியாக 50 மில்லிகிராம் அளவே உண்டு. கந்தகமோ அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். இரண்டும் ஒரே குணம் கொண்டவை என்பதால், பைரைட் போன்ற கந்தகக் கனிமங்களுக்குள் செலினியம் சத்தமில்லாமல் புகுந்து கரைந்துபோகிறது. பாறைப் பிளவுகளில் ஓடும் வெந்நீரில் ஆக்சிஜனேற்றம் மிகுந்து, கந்தகம் சல்பேட்டாக மாறி விலகினால்தான் செலினியத்துக்குத் தனி வாழ்வு. அப்படிப்பட்ட இடத்தில் தாலியமும் வந்து சேர வேண்டும். இந்தப் பொருத்தம் ஸ்க்ரிகெருமின் கால்சைட் நரம்புகளில் அமைந்தது. பெர்சிலியனைட், யூகைரைட் என்ற வேறு அரிய செலினைடுகளும் முதலில் கிடைத்த இடம் அதுவே.

இவ்வளவு தாலியம் இருந்தும் குரூக்ஸைட்டை யாரும் தாதுவாகத் தோண்டுவதில்லை. கிடைக்கும் அளவு அத்தனை சொற்பம். உலகுக்குத் தேவையான தாலியம், துத்தநாகம், ஈயம், செம்பு உருக்காலைகளின் புகைத் தூசியிலிருந்தே வருகிறது.