லாட ஆணியும் மோட்டார் டயரும்

மதுரையில் 1911-ம் ஆண்டு டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். அடுத்து பஸ் ஓட்ட ஆரம்பித்தார். அப்போது தார் ரோடு ஏது? கப்பி ரோடும் செம்மண் பாதையும்தான்!

வண்டி மாடுகளின் லாட ஆணிகள் வழியெல்லாம் உதிர்ந்து கிடக்கும். அவை டயரில் குத்தும். பஸ் நடுவழியில் நின்றுவிடும். அய்யங்கார் என்ன செய்தார் தெரியுமா? காந்தம் பொருத்திய வண்டியை விட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று சொல்லுவார்கள். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையும் ஏற்படுத்தினார். 1955-ல் அவர் காலமானார்.

இன்று லாட ஆணி குறைந்துவிட்டது. ஆனால் சீமைக் கருவேல முள் இருக்கிறதே! மேலூர்ப் பக்கம் கூரான கல் ஜல்லி. திருமங்கலம் பக்கம் கரிசல் மண். மழை பெய்தால் சக்கரத்தை அப்பிக்கொள்ளும்.

எந்த டயர் நல்லது?

தார் ரோட்டு டயரில் பள்ளங்கள் குறுகலாக இருக்கும். சரளைக்கு அது போதாது. தடித்த பட்டன்கள், அவற்றுக்கிடையே அகலமான இடைவெளி, உறுதியான பக்கவாட்டு ஆகியவை வேண்டும். இதைத்தான் கடைகளில் 'ஆல் டெரெய்ன்' டயர் என்கிறார்கள். இதில் இரைச்சல் அதிகம். எண்ணெய்ச் செலவும் கூடும். தினமும் கண்மாய்க்கரையில் போகிறவர்களுக்கு இது அவசியம். சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் கார் எடுக்கிறவர்களுக்கு வீண் செலவு!

எண்ணைப் படியுங்கள்

கடைக்காரர் "புதுச் சரக்கு" என்பார். டயரின் பக்கத்தில் 4 எண்கள் இருக்கும். 1224 என்றால் 2024-ம் ஆண்டு 12-வது வாரத்தில் செய்தது. டயர் ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகிப்போகும். ஆகவே, எண்ணைப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

சரளையில் நல்ல பிடிப்புக் கிடைக்கும் என்று சிலர் காற்றைக் குறைக்கிறார்கள். பிறகு அப்படியே நான்கு வழிச் சாலையில் ஏறிப் பறக்கிறார்கள். காற்றுக் குறைந்த டயர் வேகமாகச் சூடேறும், வெடித்தும் விடலாம். வண்டிக்குள் இருப்பது யார்? பெண்டு பிள்ளைகள் அல்லவா?

காலையில், டயர் சூடாகுமுன் காற்றைப் பாருங்கள். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் அச்சிட்டிருக்கும். டயரில் இருப்பது உச்ச அளவு. அதை நம்பி அடிக்கக் கூடாது.

பள்ளத்துக்குள் 1.6 மில்லி மீட்டர் உயரத்தில் சிறு மேடு தெரியும். பட்டன் அதுவரை தேய்ந்தால் டயரை மாற்றுங்கள். பக்கவாட்டில் கல் கிழித்த டயருக்கு ஒட்டுப்போட்டு ஓட்டவே கூடாது.