மலிவான திருத்தம், மறைமுகச் செலவு

வியாபாரத்தில் சிக்கனம் அவசியம். ஆனால் எந்த இடத்தில் சிக்கனம் என்பதை நான் ஒரு சிறு உதிரிப்பாகத்தால் கற்றுக்கொண்டேன்.

யாழ். நகரிலிருந்து கோப்பாய், கைதடி வழியாகக் கடைகளுக்குப் பொருள் விநியோகிக்கும் எனது பழைய பெற்றோல் வேன், பாரம் ஏற்றினால் இழுக்க மறுத்தது. பட்டறை ஒன்றில் காட்டினேன். "பெற்றோல் பிரஷர் போதாது. புதுச் சாமான் வேண்டாம், இருப்பதையே கூட்டித் தரலாம்" என்றார்கள். செலவு குறைவு என்பதால் சம்மதித்தேன்.

அவர்கள் கைவைத்தது ரெகுலேட்டரில். அதனுள்ளே ஒரு ஸ்பிரிங்கும் மெல்லிய டயப்ரமும் உண்டு. பம்ப் அனுப்பும் பெற்றோலின் அழுத்தம் ஸ்பிரிங்கின் பலத்தை மிஞ்சினால் டயப்ரம் விலகி, மிகுதியை டாங்கிக்குத் திருப்பிவிடும். மூடியை வைஸில் வைத்து நெரித்தால் ஸ்பிரிங் இறுகி அழுத்தம் கூடும். சிலர் மூடியில் நட் ஒன்றை வெல்ட் செய்து, போல்ட்டால் கூட்டிக் குறைப்பார்கள்.

இதன் கணக்கைக் கவனியுங்கள். அழுத்தம் 20 சதவீதம் கூடினால் இன்ஜெக்டர் வழியே செல்லும் பெற்றோல் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஆக்சிஜன் சென்சர் நன்றாக இருந்தால் வாகனத்தின் கணினி அதைக் குறைத்துவிடும், பயனில்லை. சென்சர் பழுதானால் அத்தனையும் வீண் செலவு. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடிய என் வேன் 8க்கு இறங்கியது. மாதம் 1,600 கிலோமீற்றர் ஓட்டத்தில் 160 லீற்றர் 200 ஆனது. இழுவையோ கூடவில்லை.

பின்னர் வயதான மெக்கானிக் ஒருவர் பிரஷர் கேஜ் பூட்டிப் பார்த்தார். எஞ்சின் சும்மா ஓடும்போது அழுத்தம் அளவுக்கு மேல். வேகம் கூட்டியதும் விழுந்தது. காரணம், அடைபட்ட பில்டர். பம்பிலிருந்து வராத பெற்றோலை ரெகுலேட்டர் எப்படிக் கொடுக்கும்? பில்டரை மாற்றி, பாவித்த நல்ல ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டதும் வேன் பழைய நிலைக்கு வந்தது.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் பழைய ஆஸ்டின், மொரிஸ் கார்களைச் சிறிது பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கைத்திறமை போற்றத்தக்கது. ஆனால் அவை கார்புரேட்டர் வாகனங்கள். இன்ஜெக்டர் வாகனத்தில் பெற்றோல் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் நிற்கிறது. நெரித்த மூடியில் கசிவு ஏற்பட்டால் சூடான எஞ்சின்மேல் பெற்றோல் தெறிக்கும். வேனோடு சரக்கும் தீக்கிரையாகலாம்.

ஆகவே வியாபாரச் சகோதரர்கள் கவனிக்க வேண்டியவை:

முதலில் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பில்டரையும் பம்பையும் பாருங்கள். ரெகுலேட்டரில் வக்கூம் ஹோஸ் இருந்தால், எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறியபின் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் ஈரம் இருந்தால் டயப்ரம் கிழிந்துள்ளது. மாற்றியே ஆக வேண்டும். புதியது வாங்க வசதியில்லையெனில், அதே எஞ்சினுக்குரிய பாவித்த பாகத்தை கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் தேடி, பூட்டியபின் மீண்டும் அளந்து பாருங்கள்.

நாம் தராசில் வைக்காமல் ஒரு கிலோ சீனிகூட விற்பதில்லை. வாகனத்தை மட்டும் அளக்காமல் திருத்தக் கொடுப்பது எந்த வகைச் சிக்கனம்?