ஊரே பேசும் வானொலி

சமுதாய வானொலி ஒரு வட்டாரத்துக்கானது. லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு நடத்த, அந்த வட்டாரத்து மக்களே நிகழ்ச்சி தயாரிப்பார்கள். இந்தியாவில் இதற்கு அனுமதிக்கப்பட்ட ஒலிபரப்புத் திறன் 100 வாட். ஒலி ஏறக்குறைய 10 முதல் 15 கிலோமீட்டர் வரை போகும். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் ஒரே ஏரி, ஒரே பேருந்து, ஒரே ரேஷன் கடை என்பதால், மாநிலம் முழுமைக்கும் பேசும் நிலையம் தொடாத சங்கதிகளுக்கு இங்கே இடம் கிடைக்கிறது.

இதற்கான வழி திறந்தது, கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய ஒரு வழக்கில். அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்பளித்தது. ஆனாலும் முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் 2004-இல் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006 நவம்பரில்தான் கதவு திறந்தது.

அந்தக் கதவு வழியே முதலில் நுழைந்தவர்களில் இன்றைய தெலங்கானாவின் ஜஹீராபாத் வட்டாரத்து தலித் பெண்கள் முக்கியமானவர்கள். தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த இந்தச் சிறு விவசாயிகள் உரிமம் வரும்வரை சும்மா இருக்கவில்லை. நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து, ஒலிநாடாக்களை ஊர் ஊராகச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டிவந்தார்கள். மாச்னூர் கிராமத்தில் 'சங்கம் ரேடியோ' 2008 அக்டோபர் 15 அன்று ஒலிக்கத் தொடங்கியபோது, அதைத் திறந்துவைத்தவர் 1995 தீர்ப்பை வழங்கிய நீதிபதிகளில் ஒருவரான பி.பி. சாவந்த். கம்பு, சோளம், தினை சாகுபடி, விதை காப்பது, மூலிகை மருத்துவம், நடவுப் பாட்டு எல்லாம் அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கிலேயே ஒலிபரப்பாயின. பதிவு, தொகுப்பு, ஒலிபரப்பு மூன்றையும் பெண்களே கற்றுக்கொண்டார்கள். எதைச் சொல்வது என்ற முடிவும் அவர்கள் கையில் இருந்ததே இந்த நிலையத்தின் பெரிய சாதனை. மைக்கை ஒரு நிமிடம் நீட்டிவிட்டு வாங்கிக்கொள்வதால் யாருக்கும் குரல் வந்துவிடாது.

தமிழ்நாட்டில் பாம்பனிலிருந்து 2016 முதல் ஒலிக்கும் 'கடல் ஓசை' மீனவர்களுக்கானது. காற்று, அலை, வானிலை எச்சரிக்கை, கடல்வளப் பாதுகாப்பு ஆகியவற்றை அது கரையோரத் தமிழில் சொல்கிறது. கடலுக்குப் போகலாமா என்று தீர்மானிக்க வேண்டிய குடும்பத்துக்கு இது அன்றாடத் தேவை.

குறைகளும் உண்டு. சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி அப்படியே தரலாம். குடிநீர், மின்சாரம், வானிலை, தேர்வு முடிவு போன்ற தகவல்களுக்குத் தடையில்லை. ஆக, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லலாம். ஏன் வரவில்லை என்று அரசியல் பேசத் தொடங்கினால் விதி குறுக்கே நிற்கும். உள்ளூர்ப் பிரச்சினைகளுக்காகவே பிறந்த ஊடகத்துக்கு இது நியாயமான கட்டுப்பாடு அல்ல.

பணம் அடுத்த சிக்கல். மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரத்தை அரசு 2024-இல் 12 நிமிடமாக்கியது. சின்ன ஊரின் கடைகளிடமிருந்து விளம்பரம் திரட்டுவது எளிதல்ல என்பதால், பல நிலையங்கள் இன்னமும் தாய் நிறுவனத்தின் நிதியை நம்பியிருக்கின்றன. உரிமமும் அந்த நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது. மக்களின் பிடி தளராமலிருக்க, நிகழ்ச்சிகளை வழிநடத்தும் ஆலோசனைக் குழுவில் உள்ளூர்ப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது விதி. அதில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது 2024-இல் சேர்ந்த நிபந்தனை.